பந்தியிலிருந்து மெஸ் வரை: படப்பை – ஒரகடம் தொழில்தடத்தில் உழைப்போர் உணவகங்களின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைப் பெருநகரின் உணவக வரலாறு பெரும்பாலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அண்ணாசாலை ஆகிய பகுதிகளின் புகழ்பெற்ற உணவகங்களை மையமிட்டே எழுதப்பட்டு வருகிறது. நகரின் தென்மேற்கு விளிம்பில் உள்ள படப்பையும் அதனை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடமும் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. காசு கொடுத்தால் யாரும் அமர்ந்து உண்ணலாம் என்னும் நிலை தமிழகத்தில் 20ஆம் நூற்றாண்டில் போராட்டத்தாலும் சட்டத்தாலும் உருவானது. தொழில்தடத்தில் உழைப்போரின் உணவு ஆலைக் கேண்டீனுக்கும் விடுதிச் சமையலறைக்கும் மாறியபோது, உண்பவர் தாம் உண்ணும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் நிலை சுருங்கியது. இப்பின்னணியில், சாலையோர மெஸ் என்பது அவ்வுரிமை இன்றும் நடைமுறையில் இருக்கும் பொதுவெளி என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: படப்பை, ஒரகடம், உணவகம், மெஸ், காப்பி கிளப், தொழிலாளர் உணவு, விடுதி, நுழைவுரிமை.

முன்னுரை

ஒரு நகரின் உணவகங்களைப் பட்டியலிடும் நூல்களும் இதழ்க் கட்டுரைகளும் இருவகை உணவகங்களையே பெரிதும் பேசுகின்றன. ஒன்று, தொன்மையால் பெயர்பெற்றவை. மற்றொன்று, வெளியூர்ப் பயணிகள் தேடிச் செல்பவை. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் வகை ஒன்று உண்டு. அந்த வட்டாரத்தில் வேலை செய்வோரும் வாழ்வோரும் நாள்தோறும் உண்ணும் உணவகம் அது. அதன் பெயர்ப்பலகையை ஊருக்கு வெளியே எவரும் அறியார். உள்ளூரில் அதனை அறியாதவர் இலர்.

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அமைந்த ஊர் படப்பை. சங்க இலக்கியத்தில் ‘படப்பை’ என்னும் சொல் தோட்டம், மனையை ஒட்டிய கொல்லை ஆகிய பொருள்களில் பயில்கிறது. இன்றைய படப்பை, ஒருபுறம் தாம்பரம் – வண்டலூர்ப் புறநகரையும் மறுபுறம் ஒரகடம் ஆலைப் பகுதியையும் இணைக்கும் சாலையூராக விளங்குகிறது. இச்சாலையில் உள்ள மெஸ்கள், பரோட்டாக் கடைகள், தேநீர்க் கடைகள், தாபாக்கள் ஆகியவற்றின் வரலாற்றுப் பின்புலத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தனித்த ஒரு கடையின் வரலாற்றை எழுதுவதை விடுத்து, இத்தகைய உணவகம் எவ்வாறு இயன்றது, யாருக்கு அது திறந்திருக்கிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சோறிடுதலும் சோறு விற்றலும்

படப்பை அமைந்துள்ள நிலப்பகுதி பண்டைய தொண்டைநாட்டைச் சார்ந்தது. இந்நாட்டின் வழிநடை உணவைப் பற்றிய மிகப் பழைய விரிவான பதிவு பெரும்பாணாற்றுப்படையாகும். தொண்டைமான் இளந்திரையனைக் காணக் காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு, வழியிலுள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும் கிடைக்கும் உணவைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வேறுபடுத்திக் காட்டுகிறார். எயினர் குடியில் புல்லரிசிச் சோறும், கோவலர் குடியில் பாலொடு தினைச்சோறும், முல்லை நிலத்துச் சீறூரில் அவரைப் பருப்புடன் வரகுச் சோறும், மருத நிலத்து உழவர் மனையில் கோழிப் பொரியலுடன் நெற்சோறும் பெறலாம் என்பது அந்நூல் தரும் செய்தி. நிலத்திற்கு நிலம் உணவு வேறுபடினும், எல்லா இடத்திலும் அது விருந்தாகவே அளிக்கப்படுகிறது, விலை பேசப்படுவதில்லை.

விற்கப்பட்ட உணவும் இலக்கியத்தில் இல்லாமலில்லை. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் கூறுமிடத்தில் பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் குறிப்பிடுகிறது. திருவிளையாடற் புராண மரபில் வந்தி பிட்டு விற்றுப் பிழைக்கும் முதியவள். அவளுக்காகக் கூலியாளாக வந்த இறைவன் பெறும் கூலியும் உதிர்ந்த பிட்டே. ஆயினும் பிட்டு, அப்பம் போன்ற சிற்றுண்டிகளின் விற்பனை பேசப்படும் அளவிற்குச் சோற்றின் விற்பனை பேசப்படவில்லை. சோறு இடப்படுவது, சிற்றுண்டி விற்கப்படுவது என்னும் வேறுபாடு நெடுங்காலம் நிலவியதை இது காட்டுகிறது. அறநூல் மரபில் ‘அன்னவிக்கிரயம்’ எனப்பட்ட சோற்று விற்பனை, குறிப்பாக அந்தணருக்கு, இழிவானதாகக் கருதப்பட்டது.

வீட்டைவிட்டு வெளியே சென்றவருக்குச் சோறளித்த நிறுவனங்கள் கோயில் மடைப்பள்ளியும் மடமும் சத்திரமுமேயாகும். மணிமேகலை அமுதசுரபியுடன் காஞ்சிக்குச் சென்று பசித்தோர்க்கு உணவளித்ததாகக் காப்பியம் கூறுவதும் இந்த அறமரபின் வெளிப்பாடே. தஞ்சை மராட்டியர் ஆட்சியில் இராமேசுவரச் சாலையில் எழுந்த சத்திரங்கள், அவற்றுள் சிறப்பாக ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம், இம்மரபின் பிற்காலச் சான்றுகள். இங்கு உண்பவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதே வேளையில், எந்தப் பந்தியில் எவருடன் அமர்வது என்பதைச் சாதியே முடிவு செய்தது. இலவச உணவு என்பது சமமான உணவாக இருக்கவில்லை.

காப்பி கிளப்பும் பெயர்ப்பலகையும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் பாதைகளும் நகர அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கல்லூரிகளும் பெருகியபோது, உறவினர் வீடோ சத்திரமோ போதாத ஒரு பயணக் கூட்டம் தோன்றியது. காப்பி கிளப்புகள் இச்சூழலில் பரவின. தமிழ்ச் சமூகத்தில் காப்பி புதிய பண்பாட்டு அடையாளமான விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வு விளக்கியுள்ளது. அக்கடைகள் பலவற்றின் பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. சோறு விற்பதன் இழிவைச் சமைப்பவரின் சாதியைக் கூறி ஈடுசெய்யும் உத்தியாகவும், உண்பவரைத் தரம் பிரிக்கும் அறிவிப்பாகவும் அப்பலகை ஒருங்கே செயல்பட்டது.

இந்நிலை இரு வழிகளில் எதிர்கொள்ளப்பட்டது. முதலாவது போராட்டம். இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் நடத்திய தொடர் எதிர்ப்பின் விளைவாக 1941இல் கைவிடப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு தொடங்கிய பெயர்ப்பலகைப் போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், இறுதியில் பலகை மாற்றப்பட்டது.

இரண்டாவது வழி சட்டம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் எவரையும் தடுக்கலாகாது என வகுத்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஒருபடி மேலே சென்று, பொது உணவகத்தில் பொதுமக்களுக்கென வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த மறுப்பதையும் குற்றமாக்கியது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை இவ்விதியின் நேரடி இலக்கு. சட்டம் வந்த பின்னும் அம்முறை பல ஊர்களில் நீடித்தது என்பது தமிழகம் அறிந்த உண்மை.

ஆகவே, இன்று இயல்பாகத் தோன்றும் ஒரு செயல், அதாவது முன்பின் அறியாத ஒருவர் கடைக்குள் நுழைந்து, யார் பக்கத்திலும் அமர்ந்து, விரும்பியதைக் கேட்டு உண்டு, காசு கொடுத்து வெளியேறுவது, வரலாற்றில் மிக அண்மைக் காலத்தது. இதனைக் கருத்திற்கொண்டே தொழில்தடத்தின் உணவகங்களை மதிப்பிட வேண்டும்.

பெயர்கள் சுட்டும் வகைமை

தமிழக உணவகங்களின் பெயர்கள் அவற்றின் வாடிக்கையாளரை அடையாளம் காட்டுகின்றன. ‘விலாஸ்’, ‘பவன்’, ‘கபே’ ஆகியன சைவச் சிற்றுண்டிச் சாலைகளைச் சுட்டின. இறைச்சி சமைக்கும் கடைகள் ‘மிலிட்டரி ஓட்டல்’ என வழங்கின. மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகிலுள்ள வடக்கம்பட்டியிலிருந்து பரவிய ‘முனியாண்டி விலாஸ்’ கடைகள், சைவக் கடைக்குரிய ‘விலாஸ்’ என்னும் பின்னொட்டைக் குலதெய்வத்தின் பெயருடன் இணைத்து அசைவத்திற்கு உரியதாக்கின. ஊரின் முனியாண்டி கோயில் விழாவிற்குக் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் கூடிப் பிரியாணி சமைத்துப் படைத்து வழங்குவது இன்றும் தொடர்கிறது. விற்கும் சோற்றை ஆண்டிற்கொரு முறை இடும் சோறாக மாற்றும் இவ்வழக்கம், மேற்கூறிய பழைய வேறுபாட்டின் எச்சமாகக் கொள்ளத்தக்கது.

‘மெஸ்’ என்னும் சொல் படைவீரரின் பொது உணவறையைக் குறித்துப் பின் கல்லூரி விடுதிக்கு வந்து, அங்கிருந்து மாதக் கணக்கில் உண்ணும் சிறு உணவகத்தைக் குறிக்கலாயிற்று. திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் தங்கிய தனியர்களை நம்பியே அவ்வட்டார மெஸ்கள் வளர்ந்தன. டோக்கன் பெற்று வரிசையில் காத்திருந்து உண்ணும் காசி விநாயகா மெஸ் இவ்வகைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1951இல் அண்ணாசாலையில் தொடங்கப்பட்ட புகாரி ஓட்டல், 1962 முதல் 2008 வரை இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்–இன், 1981இல் கலைஞர் கருணாநிதி நகரில் தோன்றிய சரவண பவன் ஆகியவற்றுடன் ஒப்பிடுகையில் மெஸ் மூன்று கூறுகளால் வேறுபடுகிறது. அதன் உணவுப் பட்டியல் குறுகியது. வாடிக்கையாளர் நாள்தோறும் வருபவர். கணக்கு, நம்பிக்கையின் மேல் எழுதப்படுவது. சாலையோரத் தள்ளுவண்டிக் கடையைக் ‘கையேந்தி பவன்’ என அழைக்கும் மக்கள் வழக்கு, பவன்களின் பெருமிதத்தை எள்ளுவதோடு, அமர இடமற்று உண்பவரின் நிலையையும் ஒரு சொல்லில் பதிவு செய்கிறது.

ஆலையும் நண்பகல் உணவும்

உழைப்போரின் உணவு தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு கோரிக்கையாக எழுந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, அரைமணி நேர உணவு இடைவேளை போதவில்லை என்பது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கை கழுவி, உணவுண்டு, மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் எடுத்துரைத்த இக்குறையைப் பி.பி. வாடியா தம் உரைகளில் வலியுறுத்தினார். கூலி உயர்வோடு உணவு வேளையும் தொழிற்சங்கத்தின் முதற்பேச்சில் இடம்பெற்றது கருதத்தக்கது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இக்கோரிக்கைக்குச் சட்ட வடிவம் தந்தது. 250 பேருக்கு மேல் பணியாற்றும் ஆலைகளில் கேண்டீன் அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்க அதன் 46ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. உணவு வகை, விலை ஆகியவற்றோடு, கேண்டீன் மேலாண்மைக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தையும் விதிகளில் சேர்க்க அப்பிரிவு இடமளித்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் பணியாற்றும் இடங்களுக்கும் கேண்டீன் கடமையை நீட்டித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளரையும் உள்ளடக்கி 100 பேர் என்னும் அளவை வகுத்தது.

இச்சட்டங்கள் பசியைப் பணிக்கொடுப்பவரின் பொறுப்பாக்கின. அது பெரும் முன்னேற்றமே. எனினும் சட்டம் கருதும் கேண்டீன் ஆலையின் மதிலுக்குள் அடங்கியது. அது கருதும் தொழிலாளர் பணி முடிந்ததும் தம் வீட்டிற்குச் சென்று உண்பவர். பெரம்பூரில் இக்கருத்து பொருந்தியது. ஆலையைச் சுற்றியே தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. பணி முடிந்தும் வீடு திரும்ப இயலாத தொழிலாளரை ஒரகடம் உருவாக்கியது.

படப்பை: ஏரிப்பாசன ஊரிலிருந்து தொழில்தடத்திற்கு

பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டமாக அறியப்பட்டது. படப்பை, மணிமங்கலம், ஒரகடம் ஆகிய ஊர்களின் பொருளாதாரம் ஏரிப்பாசன நெல் வேளாண்மையைச் சார்ந்திருந்தது. இத்தகைய ஊரில் சாப்பாட்டுக் கடைக்கு வாடிக்கையாளர் மிகக் குறைவு. வயலில் உழைப்பவருக்குக் கூழோ கஞ்சியோ வீட்டிலிருந்து வரும். பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையும், சந்தை நாளில் வருவோரை நம்பிய சிற்றுண்டிக் கடையுமே இயல்பான வரம்பு. கோயில் நகரான ஸ்ரீபெரும்புதூரிலும் காஞ்சியிலும் வழிபடுவோரின் வருகை வேறுவகை உணவு மரபை வளர்த்தது. மந்தாரை இலையிட்ட மூங்கில் கூடையில் வேகும் காஞ்சிபுரம் கோயில் இட்லி அதன் புகழ்பெற்ற வடிவம்.

1971இல் நிறுவப்பட்ட சிப்காட், 1990களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் நிலம் கையகப்படுத்தித் தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கலாயிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திப்பதால், படப்பை இத்தொழில்தடத்தின் கிழக்கு வாயிலாயிற்று.

உணவக வரலாற்றின் நோக்கில் இம்மாற்றம் மூன்று விளைவுகளைத் தந்தது. முதலாவதாக, பாசன வயல்கள் சுருங்க, முன்பு வீட்டுச் சோற்றை உண்டவர்களே கூலிக்கு வேலை செய்து வெளியே உண்பவராயினர். இரண்டாவதாக, தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தனியராக வந்து தங்கிய இளைஞர் தொகை பெருகியது. மூன்றாவதாக, முறைப்பணி பசியின் நேரத்தை மாற்றியது. நள்ளிரவில் பணி முடிப்பவருக்கு இரவுச் சோறும், விடியலில் பேருந்து ஏறுபவருக்கு ஐந்து மணி இட்லியும் தேவைப்பட்டன. ஊரின் உணவு வேளையை இதுவரை சூரியனும் வயலும் வகுத்தன. இப்போது ஆலைப் பேருந்தின் நேரம் வகுக்கலாயிற்று.

சாலையோர உணவகங்களின் இயங்குமுறை

இத்தொழில்தடத்தில் காணப்படும் உணவகங்களை உண்பவரின் அடிப்படையில் நான்காகப் பிரிக்கலாம். மாதக் கணக்கில் மூவேளையும் உண்ணும் மெஸ் முதல் வகை; அறை நண்பர்கள் பகிர்ந்து உண்ண எடுப்புச் சாப்பாடு பெற்றுச் செல்வதும் இதனுள் அடங்கும். மாலையில் அடுப்பு மூட்டி இரவு வரை இயங்கும் பரோட்டா – பிரியாணிக் கடை இரண்டாம் வகை. சுமையுந்து ஓட்டுநரையும் வடமாநிலத் தொழிலாளரையும் நம்பிய தாபா மூன்றாம் வகை. தொழில்தடத்தின் கொரிய, ஜப்பானிய அலுவலர்களை நோக்கிய உணவகம் நான்காம் வகை. கொரிய எழுத்தில் அமைந்த பெயர்ப்பலகைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இயல்பான காட்சியாகிவிட்டன. ஒரே ஆலையில் பணியாற்றுவோர் ஒரே சாலையில் நான்கு வேறு உணவகங்களில் உண்பது, பழைய பந்தி வேறுபாடு ஊதியம், மொழி, பதவி ஆகியவற்றின் வழியே புதிய வடிவம் பெற்றுள்ளதைக் காட்டுகிறது. ஆயினும் முதல் மூன்று வகைகளுக்கு இடையே தடுப்புச் சுவர் இல்லை. ஒடிய இளைஞர் மெஸ்ஸில் சாம்பார்ச் சோறு உண்பதையும், தமிழ்த் தொழிலாளர் தாபாவில் ரொட்டி உண்பதையும் தடுக்கும் பலகை எதுவும் இல்லை.

மெஸ்ஸின் பொருளாதாரம் ஆலையின் சம்பள நாளோடு பிணைந்தது. மாதம் முழுவதும் கணக்கு நோட்டில் எழுதப்படும் தொகை, சம்பளம் வந்தபின் தீர்க்கப்படுகிறது. இவ்வகையில் மெஸ்காரர் தொழிலாளருக்கு ஒரு மாதக் கடன் அளிக்கிறார். அரிசி மண்டியும் மளிகைக் கடையும் மெஸ்காரருக்குக் கடன் அளிக்கின்றன. ஆலையின் ஊதியம் வரும்வரை உழைப்பாளியின் உடலைப் பேணும் செலவை இச்சிறு கடைகளின் தொடரே தாங்குகிறது. எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் இச்செலவு இடம்பெறுவதில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதைப் போன்ற நிகழ்வுகள் நேரும்போது தொழிலாளருக்கு இழப்பீடு பேசப்படுகிறது. அவர்தம் கணக்கு நோட்டுகளை வைத்திருக்கும் கடைக்காரர் எந்தப் பேச்சுவார்த்தையிலும் ஒரு தரப்பாவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மெஸ்ஸின் இடம் வேறு வகையில் புலப்பட்டது. தமிழகத்தில் உணவகங்கள் பார்சல் மட்டும் வழங்க அனுமதிக்கப்பட்டன. சென்னை மாநகரின் எல்லைக்குள் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்கள் இட்லி 1 ரூபாய், சாம்பார்ச் சோறு 5 ரூபாய், தயிர்ச் சோறு 3 ரூபாய் என்னும் விலைக்கு முன்பே உணவளித்து வந்தன. ஊரடங்கில் அவை பெரும் துணையாயின. மாநகராட்சியைக் களமாகக் கொண்டு உருவான அத்திட்டத்தின் எல்லை முடிந்த இடத்திலிருந்தே தொழில்தடம் தொடங்குகிறது. அறைகளில் அடைபட்ட வெளிமாநிலத் தொழிலாளர், சமைத்துத் தருபவர் இல்லாத ஊரில் தங்குவதைவிட ஊர் திரும்புவதையே நாடினர். வேலை இழப்போடு உணவகம் இழந்ததும் அப்பெயர்ச்சியின் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட வேண்டும்.

விடுதிச் சோறும் பெண் தொழிலாளரும்

மேற்கூறிய சாலையோர உணவகம் பெரிதும் ஆண்களின் வெளியாகவே இருந்து வருகிறது. பழைய ஓட்டல்களின் ‘பேமிலி ரூம்’ என்னும் தடுப்பறை, பெண் துணையோடு மட்டுமே உண்ண வருவாள் என்னும் எண்ணத்தின் கட்டட வடிவம். அரசமைப்பின் 15ஆம் உறுப்பு பால் வேறுபாட்டையும் விலக்கியிருப்பினும், இரவுப் பணி முடித்த இளம்பெண் பரோட்டாக் கடையில் தனியே அமர்ந்து உண்பதை வழக்கம் இன்னும் இயல்பாக ஏற்கவில்லை. மின்னணு ஆலைகளிலோ பணியாளரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் ஒப்பந்த முகமைகள் ஏற்பாடு செய்யும் விடுதிகளில் தங்கி, பேருந்தில் ஆலைக்குச் சென்று, மீண்டும் விடுதிக்கே திரும்புகின்றனர். ஆலையில் கேண்டீன், விடுதியில் சமையலறை என அவர்தம் உணவு முழுவதும் மதில்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இவ்வமைப்பின் பலவீனம் 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளின் உணவறைகளும் தங்குமிடங்களும் உரிய தரத்தில் இல்லை எனக் கண்ட ஆப்பிள் நிறுவனம் அவ்வாலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. உலகச் செய்தியான இந்நிகழ்வு பெரும்பாலும் விநியோகத் தொடரின் சிக்கலாகவே பேசப்பட்டது.

உணவக வரலாற்றின் நோக்கில் இதன் பொருள் வேறு. ஒரு மெஸ்ஸில் சோறு கெட்டிருந்தால் உண்பவர் இலையை மூடி எழுந்து, மறுநாள் எதிர்க்கடைக்குச் செல்வார். மெஸ்காரர் அதை அறிந்தே சமைக்கிறார். விடுதியில் உண்பவருக்கு அத்தேர்வு இல்லை. உணவுச் செலவு தங்கும் ஏற்பாட்டோடு சேர்ந்துவிடுகிறது; சமையலறையை நடத்துபவருக்கு வாடிக்கையாளர் ஒப்பந்ததாரரேயன்றி உண்பவர் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக் கேண்டீனுக்கு எண்ணிய தொழிலாளர் பிரதிநிதித்துவம் விடுதிச் சமையலறையை எட்டவில்லை. எதிர்க்கடைக்குச் செல்ல இயலாதவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர் என்று இந்நிகழ்வைச் சுருங்கக் கூறலாம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. இடநெருக்கடிக்கு இது தக்க விடையாகும். ஆனால் ஒரு சிறுநகரின் மக்கள்தொகைக்கு நிகரானோர் ஒரே வளாகத்தில் தங்கும்போது, அவர்கள் வெளியே நடந்து சென்று உண்ணத்தக்க உணவகங்கள் அருகில் உள்ளனவா என்பதும் குடியிருப்புத் திட்டமிடலின் ஒரு கூறாக வேண்டும்.

ஒப்பீடு: பம்பாயின் கானாவல்களும் சிங்கப்பூரின் உணவங்காடிகளும்

இத்தகைய நிலையை வேறு நகரங்களும் சந்தித்துள்ளன. பம்பாயின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவில், கொங்கணத்திலிருந்து குடும்பத்தை விட்டு வந்த தொழிலாளருக்கு மாதக் கணக்கில் உணவளித்த ‘கானாவல்’களைப் பெரும்பாலும் பெண்கள் தம் வீடுகளிலேயே நடத்தினர். கந்துவட்டியில் சிக்கிய அப்பெண்களை 1975இல் பிரேமா புரவ் ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்னும் அமைப்பாகத் திரட்டி வங்கிக் கடன் பெறச் செய்தார். 1982ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து ஆலைகள் அழிந்தபோது கானாவல்களும் நலிந்தன. எனினும் அவற்றை நடத்தியோர் தொழிலாளர் வரலாற்றின் மாந்தராகப் பதிவாயினர். சிங்கப்பூர் அரசோ தெருவோர உணவு விற்பனையாளரை 1970களிலும் 1980களிலும் தண்ணீர், வடிகால் வசதியுள்ள உணவங்காடிகளுக்குள் குடியமர்த்தியது. அப்பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவ்விரு சான்றுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. உழைப்போரின் உணவகம் தானே தோன்றும். ஆனால் தானே நிலைப்பதில்லை. கடனுதவியும் இடமும் ஆவணமும் அதற்குத் தேவை. இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் வணிகக் குழு, விற்பனை மண்டலம் ஆகியவற்றை வகுத்துள்ளது. நகர்ப்புற உள்ளாட்சிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அச்சட்டம், நிருவாகத்தால் ஊராட்சியாகவும் நடைமுறையால் நகராகவும் வாழும் படப்பை போன்ற இடங்களின் சாலையோரத்திற்கு எளிதில் பொருந்துவதில்லை. சாலை விரிவாக்கத்தில் முதலில் அகற்றப்படுவதும் அடுப்பும் பந்தலுமேயாகும்.

முடிவுரை

தமிழகத்தில் வெளியே உண்பதன் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. சோறு இடப்பட்ட காலத்தில் உண்பவர் விருந்தினராகவோ இரவலராகவோ இருந்தார். அமரும் இடத்தைச் சாதி வகுத்தது. சோறு விற்கப்பட்ட காலத்தில் அவர் வாடிக்கையாளரானார். சமமாக அமரும் உரிமையைப் போராடிப் பெற்றார். தொழில்தடத்தில் சோறு மீண்டும் வழங்கப்படும் பொருளாகி வருகிறது. இம்முறை வழங்குவது ஆலையும் ஒப்பந்த முகமையும். பசி ஆறலாம், மறுக்கும் உரிமை மீள்வதில்லை.

இப்பின்னணியில் படப்பைச் சாலையின் மெஸ்ஸைச் சுவைக்காக மட்டும் போற்றுவது போதாது. மொழி தெரியாதவரும் அமர்ந்து உண்ணவும், மாதக் கணக்கில் கடன் பெறவும், பிடிக்காவிட்டால் எழுந்து செல்லவும் கூடிய இடம் என்னும் வகையில், அது 1957இல் பெயர்ப்பலகையின் முன் நின்றவர்கள் கேட்டதன் தொடர்ச்சி. பெண் தொழிலாளருக்கு அது இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்பது அத்தொடர்ச்சியில் எஞ்சியுள்ள பணி. புகழ்பெற்ற உணவகங்களுக்கு விளம்பரங்களும் நினைவுக் குறிப்புகளும் சான்றாகின்றன. மெஸ்ஸுக்குச் சான்று அதன் கணக்கு நோட்டுகளே. யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை மாதம், என்ன உண்டார் என்னும் செய்திகள் அவற்றில் உள்ளன. கடன் தீர்ந்ததும் கிழித்தெறியப்படும் அந்நோட்டுகளை, பெயர்களை மறைத்தேனும், தொகுத்துப் பாதுகாப்பது வட்டார வரலாற்று ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.